கொடிவேரித் தண்ணீருக்கு சீன் நதியின் நீலம் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்க்கரையில் மக்கள் பொழுது போக்கும் பிரெஞ்சு ஓவியங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஒரு ஓவியத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம். நம் பிள்ளைகளும் அதைப் பார்த்து கொடிவேரி, ஆழியாறு, பவானி கூடுதுறை என்று தீட்டிப் பழகலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்த யோசனையில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பிப் போனால் பலகையும் வர்ணமும் வீணாகும். கோபி, சத்தி, பவானிப் பக்கம் வெளியிடத்தில் ஓவியம் பழக்குகிற நாங்கள் சில பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரையில் மோனே, ரென்வார், சூரா என்ற பிரெஞ்சு ஓவியர்கள் மூவரையும் ஒரே வரிசையில் வைத்து, எல்லாரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சட்டென்று தீட்டினார்கள் என்று இருந்தது. மோனேயும் ரென்வாரும் 1869ல் பாரிஸ் பக்கம் ஓடும் சீன் நதிக்கரையில் இருந்த ‘லா கிரெனுயேர்’ என்ற குளியல் துறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே காட்சியைத் தீட்டியது உண்மை. மோனேயின் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ரென்வாருடையது ஸ்டாக்ஹோமில். மோனேயின் படம் அகலம் ஒரு மீட்டர், உயரம் முக்கால் மீட்டர் போல. அவர் அப்போது நண்பர் பாசீலுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே போட்டவை வெறும் மோசமான குறிப்புச் சித்திரங்கள் என்றுதான் சொல்கிறார். பெரிய படம் ஒன்று பிறகு செய்யும் எண்ணம் இருந்தது.

சூராவின் ‘லா கிராந்த் ஜாத்’ முற்றிலும் வேறு. சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். அந்தப் பெயருள்ள சீன் நதித் தீவுக்குப் போய்ச் சின்னச் சின்னப் பலகைகளில் குறிப்பு எடுத்து, பெரிய படத்தை ஓவியக்கூடத்துக்குள் வைத்து 1884 முதல் 1886 வரை வேலை செய்தார். 1886ல் இம்ப்ரஷனிஸ்ட் குழுவின் (மோனே, ரென்வார் சேர்ந்திருந்த ஓவியர் குழு) எட்டாவது, கடைசிக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது மோனேயும் ரென்வாரும் அதில் கலந்துகொள்ளவே இல்லை. ரென்வாரின் ‘படகோட்டிகளின் விருந்து’கூட ஒரே மூச்சில் முடிந்ததல்ல, சீன் கரையில் உள்ள ஷத்தூ என்ற ஊரில் ஃபுர்னேஸ் விடுதி மாடியில் 1880ல் தொடங்கி 1881 வரை இழுத்த வேலை. அதில் ஆறு தெரிவது ஒரு கீற்றுதான். பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அது. நீர்க்கரைப் பொழுதைக் காட்ட முக்கால் படத்துக்குத் தண்ணீர் வேண்டியதில்லை.

இனி மோனேயின் கிரெனுயேர் படத்துக்கு வருவோம். நடுவில் ஒற்றை மரம் நிற்கும் வட்டத் திட்டு, அதற்குப் போக மரப்பலகைப் பாலம், வலப்புறம் மிதக்கும் விடுதி, முன்னால் கட்டிப்போட்ட படகுகள், அதற்கு நடுவே தண்ணீர். அந்தத் தண்ணீரில் வளைந்து நெளியும் கோடுகள் எதுவும் கிடையாது. அகலமான தட்டைத் தூரிகையால் படுக்கைவாட்டில் வைத்த தனித்தனித் தீற்றல்கள்தான். கறுத்த பச்சை ஒன்று, மண் நிறம் ஒன்று, வெளிர் வானம் ஒன்று. ஒன்றை இன்னொன்றோடு தேய்த்துக் குழைக்காமல் பக்கத்தில் வைத்திருக்கிறார். மயில்கழுத்துச் சேலையில் பாவு (நெட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். இரண்டு சாயத்தையும் ஒரே தொட்டியில் கலந்திருந்தால் அந்த மினுமினுப்பு வருமா? தறி ஓடும் சென்னிமலைக்கும் பவானிக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேகமாகத் தீட்ட முடிந்ததற்குக் காரணம், தூரிகை எடுப்பதற்கு முன்பே முடிவுகள் எடுத்தாகிவிட்டன என்பதுதான். தண்ணீரில் எத்தனை நிறம், எது முதலில், எது கடைசியில் என்று வர்ணத்தட்டிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். பலகையில் வைத்துத் தேடினால் சேறுதான் மிஞ்சும்.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறை. நிறங்களை எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் சூரியன். பாரிஸ் கிட்டத்தட்ட 49 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் 65 பாகைக்கு மேல் ஏறாது. கோபிசெட்டிபாளையம் சுமார் 11½ பாகை. இங்கே ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் உச்சிவெயில் நேராகத் தலைமேல் நிற்கும். ஆகவே பதினோரு மணிக்கு மேல் நிழல் காலடியில் சுருங்கிவிடும், முகங்களில் கண்குழி மட்டும் கறுக்கும், தண்ணீர் தட்டையாக வெளுத்துவிடும். அந்த நேரத்தில் பலகையை எடுத்து உட்காராதீர்கள். காலை ஏழரையிலிருந்து பத்து, மாலை நான்கிலிருந்து ஐந்தரை, அவ்வளவுதான் நமக்குக் கிடைப்பது. சாயங்கால மஞ்சளை நம்பிக் காத்திருப்பதிலும் பயனில்லை. பாரிஸில் கோடையில் சூரியன் மறைந்த பிறகு 40 நிமிடம்போல வெளிச்சம் நிற்கும். இங்கே 20 நிமிடம் கடந்தால் தட்டில் இருப்பது நீலமா பச்சையா என்றே தெரியாது.

நிழலின் நிறமும் அப்படித்தான். நிழலை நீலமாகப் போடு என்று புத்தகங்கள் சொல்லும். தெளிந்த வானத்தின் கீழ் புல்தரையில் விழும் நிழலுக்கு அது சரி. நம் ஊர்ச் செம்மண் கரையில் கீழிருந்து எகிறும் வெளிச்சம் சிவப்பு. வெள்ளை வேட்டியின் நிழல் மடிப்பில் மேல் பாதி நீலச்சாம்பல், கீழ் பாதி ரோஜா கலந்த காவி. இதை ஒருமுறை நின்று பார்த்தால் போதும், எல்லா நிழலையும் ஊதாவாக அடிக்கும் பழக்கம் தானாக விட்டுப்போகும்.

இப்போது தண்ணீர். பழகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கவிழ்வது இங்கேதான். பவானி ஆறு நீலம் கிடையாது. சாதாரண நாளில் அதன் சொந்த நிறம் மங்கல் பச்சை: விரிடியன் பச்சையோடு அதற்குப் பாதி அளவு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஒரு துளி வெள்ளை. புதுத்தண்ணி வரும்போது மண் நிறம்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) மூன்று பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, வெள்ளை இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்) நுனியளவு. நீலம் வருவது வானத்தின் பிரதிபலிப்பில் மட்டும், அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. காலடிக்குப் பக்கத்தில் நேர் கீழே பார்க்கும்போது தண்ணீர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் 100ல் 2 பங்குதான். அங்கே தெரிவது அடிமணலும் பாசியும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு ஏறி, எதிர்க்கரை ஓரத்தில் முழுக்க வானமும் மரமும்தான் இருக்கும். அதனால் பலகையின் அடியில் பழுப்புப் பச்சை, மேலே போகப் போக வெளிர் என்று மாறிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தை அடித்தால் தண்ணீர் சுவராக எழுந்து நிற்கும்.

பிரதிபலிப்பு பொருளுக்கு நேர் கீழே விழும். வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் சாயாது. சாய்வது நிழல். இதைக் குழப்பிக்கொண்டு தென்னையின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் போடுகிறவர்கள் பலர். தென்னையே சாய்ந்திருந்தால் அது வேறு கணக்கு. கறுத்த மரத்தின் பிரதிபலிப்பு மரத்தைவிடச் சற்று வெளிறியும், வெள்ளைச் சேலையின் பிரதிபலிப்பு சேலையைவிடச் சற்று மங்கியும் இருக்கும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே தண்ணீர் தரையோடு தட்டையாகத் தெரியும். இன்னொன்று நம் ஆறுகளுக்கே உரியது. தெளிந்த ஆழமான நீரில் மர நிழல் மேற்பரப்பில் கண்ணுக்குப் படாது. கலங்கல் தண்ணீரில் மிதக்கும் மண் நிழலைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்குப் பிறகு கரையோர நீர்மருத மரத்தின் பிரதிபலிப்பு ஒரு பக்கமும் நிழல் ஒரு பக்கமுமாக இரண்டும் தெரியும். சீன் நதிப் படத்தைப் பார்த்து மட்டும் பழகியவர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

தீற்றல் வரிசை இப்படி. முதலில் கறுத்த பிரதிபலிப்புகள், எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாக. அதன் மேல் தண்ணீரின் சொந்த நிறம், குழாயிலிருந்து வந்த பதத்திலேயே. கடைசியில் வானம், தடிப்பாக, ஒரு தீற்றலுக்கு ஒருமுறை தூரிகையைத் துடைத்து. 9க்கு 12 அங்குலப் பலகையில் அடி ஓரத்துத் தீற்றல் முக்கால் அங்குல நீளம் இருக்கலாம். எதிர்க்கரை ஓரத்தில் அது கால் அங்குலத்துக்குள் வந்து, இடைவெளியும் நெருங்கிவிட வேண்டும். ஈரத்தின் மேல் ஒரே இடத்தில் மூன்றாவது முறை தூரிகை போனால் அடியிலிருக்கும் கறுப்பு மேலே ஏறிக் கலங்கிவிடும். அப்போது மேலும் வர்ணம் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தட்டுக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கொடிவேரி இதற்கு அருமையான பள்ளிக்கூடம். தடுப்பணைக்கு மேலே தேங்கிய தண்ணீர், கீழே கொட்டும் தண்ணீர், பாறைக்குழிகளில் சுழலும் தண்ணீர் என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். தேங்கியதற்குப் படுக்கைத் தீற்றல், கொட்டுவதற்கு நெட்டுத் தீற்றல். கொட்டும் தண்ணீரைச் சுத்த வெள்ளையில் அடிப்பது வழக்கமான தவறு. வெயிலுக்கு எதிராக நின்று பாருங்கள், அணையிலிருந்து விழும் திரை பெரும்பாலும் சாம்பல் ஊதா; உருளும் மேல்விளிம்பில் ஒரு கோடும் அடியில் தெறிக்கும் இடமும்தான் வெள்ளை. படத்தில் இருக்கும் வெள்ளையை அங்கே வைப்பதற்காகவே மிச்சம் பிடிக்க வேண்டும். தண்ணீர் அதிகமாகத் திறந்திருக்கும் நாளில் குளிக்க விடமாட்டார்கள். அன்றைக்கு ஆள் இல்லாத அருவிதான் கிடைக்கும்.

மனிதர்கள். பிரெஞ்சுப் படங்களில் ஒரு மேலங்கிக்கு ஒரு தீற்றல், தலைக்கு ஒரு புள்ளி. அதையே இங்கேயும் செய்யலாம்; கழுத்து வேண்டாம், பாதம் வேண்டாம், கால் கீழே போகப் போக மெலிந்து தண்ணீரில் கரையட்டும். பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் “ஏனுங்க, மூஞ்சியே காணோம்?” என்று கேட்கத்தான் செய்வார்கள். மூஞ்சி வரையப் போனால் படம் கெட்டுவிடும். ஆனால் உயரக் கணக்கு தப்பக் கூடாது. சமதரையில் நீங்கள் நின்று தீட்டினால், கிட்டத்தில் நிற்கும் பெரியவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். மாறுவது காலடி மட்டும். உட்கார்ந்து தீட்டினால் எல்லாத் தலையும் தொடுவானக் கோட்டுக்கு மேலே போகும். படிக்கட்டு மேலிருந்து பார்த்தால் எல்லாம் கீழே இறங்கும். தூரத்து ஆளைச் சின்னதாக்கிக் கீழேயும் இறக்கினால், அவர் குழிக்குள் நிற்பதாகத் தெரியும். மாணவர்களின் படங்களில் இந்தக் குழி ஆட்கள் நிறைய.

நம் ஊரில் துணியோடு குளிக்கிறார்கள் என்பதும் ஓவியனுக்கு முக்கியமான செய்தி. நனைந்த துணி காய்ந்த துணியைவிட ஒரு படி கறுத்து, நிறம் அடர்ந்து, உடம்போடு ஒட்டும். நனைந்த வெள்ளை வேட்டி வெள்ளையாக இருக்காது. உள்ளே தோல் நிறம் ஊடுருவும். காய்ந்த வேட்டிக்கு வெயில் பக்கம் வெள்ளையில் துளி மஞ்சள், நிழல் பக்கம் கோபால்ட் நீலமும் ஓக்கரும் துளி கிரிம்ஸனும் (ஆழ்ந்த சிவப்பு). வர்ணப்பெட்டியில் ஃபிளெஷ் டின்ட் என்று ஒரு வெளிர்சிவப்புக் குழாய் வரும், அதைத் தொடவே வேண்டாம். நம் தோலுக்கு பர்ன்ட் சியன்னா, ஓக்கர், கொஞ்சம் கிரிம்ஸன். நிழலுக்கு அதோடு அல்ட்ராமரைன். நனைந்த தோளில் வானம் மின்னும் இடத்துக்கு ஒரே ஒரு வெளிர்நீலப் பொட்டு. சிவப்புச் சேலையைப் படம் பூராவும் இறைக்காதீர்கள். ஒரு பெரிய சிவப்பு, இரண்டு சின்னது போதும்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. டைட்டேனியம் வெள்ளை, லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர், வெர்மிலியன், கிரிம்ஸன், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், கோபால்ட் நீலம், விரிடியன் ஆகிய ஒன்பது குழாயும் நாலு தட்டைத் தூரிகையும் போதும். வெள்ளை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு செலவாகும். 9க்கு 12 அங்குலப் படத்துக்கு 10 முதல் 15 மில்லி வரை பிடிக்கும். கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரைனும் சியன்னாவும் சேர்ந்தால் தேவையான கறுமை கிடைக்கும். கிரிம்ஸன் வாங்கும்போது குழாயின் முதுகில் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் வெளிச்சத்தில் வெளுக்கும், பி.வி. 19 தாங்கும். சூரா கிராந்த் ஜாத்தில் போட்ட துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிவிட்டது, புல்வெளியின் வெயில் அதனால்தான் இன்று மங்கிக் கிடக்கிறது. நம் வெயிலில் சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

பலகைக்கு ஹார்டுபோர்டின் வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு முறை. காய்ந்ததும் ஓக்கரும் சியன்னாவும் கரைத்த மெல்லிய பூச்சு ஒன்று. வெள்ளைப் பலகை வெயிலில் கண்ணைக் கூசும். எந்த நிறத்தை வைத்தாலும் கறுப்பாகத் தெரிந்து, நீங்கள் வெளுத்துக்கொண்டே போவீர்கள். பலகைமேல் நேர் வெயில் விழுந்தால் தலைகீழாக நடக்கும்: எல்லாம் பளிச்சென்று தெரியும், நீங்கள் கறுத்த நிறமாக வைப்பீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோனதும் படம் அழுக்காக இருக்கும். பலகையும் வர்ணத்தட்டும் இரண்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். குடை வைத்தால் வெள்ளை அல்லது சாம்பல். நீலக்குடையும் பச்சைக்குடையும் தட்டில் இருக்கும் எல்லா நிறத்தையும் மாற்றிவிடும்.

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆழியாறு, திருமூர்த்தி அணைப் பக்கம் ஈசலை (பலகை தாங்கும் முக்காலியை) அப்படியே தூக்கிப் போடும். மூன்று காலுக்கும் நடுவே கயிற்றில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டால் நிற்கும். குடையை மட்டும் ஈசலில் கட்டாதீர்கள், தரையில் தனியாக ஊன்றுங்கள். சீக்கிரம் காயும் அக்ரிலிக் வர்ணம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காற்று இன்னும் தொல்லை. ஐந்து நிமிடத்தில் தட்டிலேயே தோல் கட்டும். ஈரத்துணி மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் வர்ணத்தை வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நீங்கள் அச்சிட்ட கிரெனுயேரில் நீலம் தூக்கலாக ஏறி, தண்ணீரிலிருந்த மண் நிறமும் கறுத்த பச்சையும் காணாமல் போயிருந்தன. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும், அது யார் குற்றமும் அல்ல. படத்தோடு அளவையும் அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் போட்டால், ஆர்வமுள்ள பிள்ளைகள் அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பெரிதாக்கித் தீற்றல் தீற்றலாகப் பார்த்துக்கொள்வார்கள். முழுப்படத்தோடு கைவிரல் அளவுக்கு ஒரு மூலையை மட்டும் அசல் அளவில் அச்சிட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக, கரையை விட்டுக் கிளம்பும்போது. ஈரப் பலகைகள் இரண்டை முகத்துக்கு முகம் வைத்து, நாலு மூலையிலும் தக்கைத் துண்டு கொடுத்து ரப்பர் வளையம் போட்டால் பஸ்ஸில்கூடக் கொண்டுபோகலாம். மெல்லிசாகப் போட்ட இடம் இரண்டு மூன்று நாளில் தொடக் காயும். தடித்த வெள்ளைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தூரிகை கழுவிய டர்பன்டைனை ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றவே கூடாது. மூடி போட்ட பாட்டிலில் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இரண்டு நாளில் கசடு அடியில் தங்கும், மேல்தெளிவை மறுபடி தூரிகை கழுவப் பயன்படுத்தலாம். ஆளி எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்து வெயிலில் நிறுத்திய வண்டியில் வைக்காதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கம்பியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓவியம் கற்றுத்தருவோர் சிலர்,
கோபிசெட்டிபாளையம் வட்டாரம்